தோல் மேல் பால்பாயிண்ட் பேனா

நான் ஓவியர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ஓவியத்தில் ஆர்வம் உள்ள முன்னாள் தொழிலாளி" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆர்வம் எல்லாம் இல்லை. வரைவேன். அவ்வளவுதான்.

ஆம்பூரில் எங்கள் கிளை நூலகத்தின் புது ஹாலுக்குள் நுழைந்தால் எதிர்ச் சுவரில் ஒரு முழு எருமைத் தோல் மாட்டியிருக்கும். கழுத்திலிருந்து வால் வரைக்கும் முழுத் தோல். அதன் மேல் இருக்கிற படம் நான் வரைந்தது. கீழே வலது மூலையில் நீல மையில் என் பெயர் இருக்கிறது: கன்னியம்மா.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது ஷூ கம்பெனிப் பெண்கள் நாலு பேர் படத்தைப் பார்க்க வந்தார்கள். ஒருத்தி மூலையிலேயே நின்றாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"ஆன்ட்டி, நீங்கதான வரைஞ்சீங்க? படம் சூப்பர். ஆனா பேரை ஏன் பால்பென்ல கிறுக்கி வெச்சிருக்கீங்க? இங்க் இறங்கி அசிங்கமா இருக்குது. தோல் மேல பால்பென் படவே கூடாதுன்னு எங்களுக்கு முதல் நாளே சொல்லிட்டாங்களே."

"அசிங்கமா?"

"சாரி ஆன்ட்டி."

"எந்த செக்‌ஷன் நீ?"

"கட்டிங். கேமரா மெஷின் பாத்துக்கிறேன். தோலை விரிச்சா போதும், டேமேஜ் எங்க இருக்குதுன்னு அதுவே காட்டிடும்."

"வெள்ளிப் பேனா தெரியுமா உனக்கு?"

"அது இன்னா ஆன்ட்டி?"

கேமரா வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் இந்தக் கேள்வி. நான் அந்தக் கம்பெனியில் ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் பிடித்த பேனா அது. அந்தப் பெண்ணிடம் அரை மணி நேரம் பேசினேன். பாதிதான் சொல்ல முடிந்தது. பஸ் வந்துவிட்டது, ஓடிவிட்டார்கள். மிச்சத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் ஆலங்காயம் பக்கத்துக் கிராமம். பத்தாவதில் கணக்கில் பெயிலாகிவிட்டேன். கல்யாணம் ஆகி ஆம்பூருக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் ஏழுமலை தோல் ஷாப்பில் ஸ்பிரே வேலை பார்த்தார். தோல் பதனிடுகிற இடத்தை நாங்கள் ஷாப்பு என்றுதான் சொல்வோம். என்னை ஷூ கம்பெனியில் தையல் லைனில் போட்டார்கள். எனக்கு வேகம் வரவில்லை. ஊசி விரலில் ஏறியது. "கை வேலைக்கு ஆகாது, கண்ணாவது இருக்குதா பாக்கலாம்" என்று சொல்லி மார்க்கிங் மேஜைக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த மேஜைக்கு நான் வந்த கதை இவ்வளவுதான்.

மார்க்கிங் என்றால் இது. ஷூ வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு தோலையும் மேஜையில் விரித்துப் பார்க்க வேண்டும். தோல் என்பது துணி மாதிரி இல்லை. அது ஒரு மிருகம் வாழ்ந்த வாழ்க்கை. உண்ணி கடித்த புள்ளி இருக்கும். முள்வேலியில் கிழிந்து ஆறின கோடு இருக்கும். சூடு போட்ட வட்டம், நுகத்தடி தேய்த்த காய்ப்பு, உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு, எல்லாம் இருக்கும். சிலது கண்ணுக்குத் தெரியாது. உள்ளங்கையை வைத்துக் கழுத்திலிருந்து வால் பக்கமாகத் தடவினால்தான் தெரியும். எங்கே குறை இருக்கிறதோ அங்கே வெள்ளிப் பேனாவால் ஒரு சுற்று போட வேண்டும். மோசமான குறை என்றால் சுற்றுக்குள் ஒரு பெருக்கல் குறி. அதற்குப் பிறகு தோல் கட்டிங் ஆளிடம் போகும். அவன் சுற்று போட்ட இடத்தை விட்டுவிட்டுத்தான் அச்சை வைத்து வெட்டுவான். வெள்ளி மையை ரப்பர் வைத்துத் தேய்த்தால் போய்விடும். அதனால்தான் அந்தப் பேனா.

எங்கள் ஹாலுக்கு சூப்பர்வைசர் ரஹீம் பாய்தான் எல்லாம். அவர் கத்தி நான் கேட்டதில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை, நானும் கத்தியிருப்பேன். காலையில் வாசலில் நின்று எங்கள் நகத்தைப் பார்ப்பார். நீளமாக இருந்தால் சட்டைப் பையிலிருந்து நகவெட்டி எடுத்துக் கையில் கொடுப்பார், பேசமாட்டார். மோதிரம் போட்டிருந்தால் கழற்ற வேண்டும். வளையல் மேல் துணி சுற்றிக் கட்ட வேண்டும். வாசலில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். யார் சட்டையில் பால்பாயிண்ட் பேனா இருந்தாலும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பால்பாயிண்ட் மை தோலில் பட்டால் முடிந்தது. ஸ்பிரிட் போட்டாலும் போகாது, இன்னும் உள்ளேதான் இறங்கும். ஒரு முறை முதலாளி, பாரின் ஆள் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ரஹீம் பாய் டப்பாவை எடுத்து ரெண்டு பேர் முன்னாலும் நீட்டினார். ரெண்டு பேரும் பேனாவைப் போட்டார்கள்.

ஒரு தோலில் சந்தேகம் வந்தால் அவர் ஆள்காட்டி விரல் மேல் அதை மடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். பிறகு ஒரே கேள்வி: "கால்ல போட்டா தெரியுமா?"

தெரியும் என்றால் சுற்று. தெரியாது என்றால் விட்டுவிடலாம். ரெண்டுங்கெட்டானாகப் பதில் சொன்னால் தோலை நம் பக்கமே தள்ளிவிட்டுப் போய்விடுவார். அவர் சொன்ன சட்டம் ஒன்று உண்டு. ஹாலில் எல்லாருக்கும் மனப்பாடம். "மார்க் போட்டா போட்டதுதான். முதலாளியே வந்தாலும் துடைக்கக் கூடாது."

கட்டிங் ஆண்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. சுற்று ஜாஸ்தி போட்டால் அவர்களுக்கு ஜோடி கம்மியாக வரும். "வந்துட்டா டேமேஜ் அம்மா" என்பார்கள். பேர் ஒட்டிக்கொண்டது. என் மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனபோதுகூட ஒருத்தன், "டேமேஜ் அம்மா வீட்டுக் கல்யாணமா, பந்தியில அப்பளம் உடையாம இருக்குமா?" என்றான். "உன் இலையில உடைச்சே போடுறேன் வா" என்றேன். போடவும் செய்தேன்.

இப்போது அந்த வெள்ளைத் தோல் விஷயம்.

பெண்கள் போடுகிற வெள்ளை ஷூவுக்கு ஒரு ஆர்டர். வெள்ளைத் தோலில் எதையும் மறைக்க முடியாது. அன்றைக்கு வந்த தோல் லாட்டு மோசம். கழுத்துப் பக்கம் முழுக்கக் கீறல், மேலே வெள்ளைப் பூச்சைக் கனமாக அடித்து அமுக்கியிருந்தார்கள். விரலில் மடித்தால் பூச்சு வெடித்தது. நான் சுற்று மேல் சுற்றாகப் போட்டு அடுக்கினேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அடுக்கு அப்படியே இருக்கிறது, ஒரு சுற்றுகூட இல்லை. லோடு இறக்குகிற ஆட்கள் ரெண்டு பேர் ரப்பரும் கையுமாக நின்றார்கள்.

"யார் துடைக்கச் சொன்னது?"

"பிரபாகர் சார்."

பிரபாகர் அப்போது புரொடக்‌ஷன் மேனேஜர். நேராகப் போனேன்.

"சார், இது கால்ல ஏறினா ஒரே வாரத்துல வெடிக்கும்."

"கன்னியம்மா, கன்டெய்னர் நிக்குது. உன் கண்ணுக்குத் தெரியிறது வாங்கறவ கண்ணுக்குத் தெரியாது. போய் வேலையைப் பாரு."

வேலையைப் பார்த்தேன். வாசலுக்குப் போனேன், பிஸ்கட் டப்பாவில் கையை விட்டேன், கையில் கிடைத்த பால்பாயிண்ட் பேனாவை எடுத்தேன். மேஜைக்கு வந்து அந்த வெள்ளைத் தோல் மேல் நீலத்தில் சுற்று போட ஆரம்பித்தேன். எங்கெங்கே துடைத்தார்களோ அங்கெல்லாம். இனிமேல் துடை பார்க்கலாம்.

என் பக்கத்து மேஜை ஷாகிரா, "யா அல்லா, கன்னி! இன்னா பண்றே!" என்று கத்தினாள். கட்டிங் மெஷின் ஒவ்வொன்றாக நின்றது. பிரபாகர் ஓடி வந்து என் கையைப் பிடிக்கப் பார்த்தார். "தொட்டீங்கன்னா மூஞ்சியிலயும் மார்க் போட்டுருவேன்" என்றேன். தொடவில்லை.

ரஹீம் பாய் வந்தார். மேலே இருந்த தோலை எடுத்து, நீலச் சுற்றுக்குள் இருந்த இடத்தை விரல் மேல் மடித்து ஜன்னலில் பிடித்தார். அடுத்ததை எடுத்தார். அடுத்தது. அடுக்கு முழுவதும் பார்த்து முடித்தார். கடைசித் தோலையும் வைத்துவிட்டு, என் கையிலிருந்து பேனாவை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மார்க் கரெக்ட். பேனா தப்பு" என்றார்.

பிறகு பிரபாகர் பக்கம் திரும்பினார். "சார், லாட்டு இந்த மார்க்குப்படிதான் கட் ஆவணும்." என் பக்கம் திரும்பினார். "நீ வீட்டுக்குப் போ. கூப்பிடறப்ப வா."

"மார்க் கரெக்ட்னா எதுக்கு பாய் வீட்டுக்குப் போவணும்?"

"பேனா தப்புன்னும் சொன்னேன்ல."

போனேன். ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்து எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். கூப்பிட்டு அனுப்பினார், திரும்பிப் போனேன். வாசலில் அந்த பிஸ்கட் டப்பாவுக்கு ஒரு பூட்டு போட்டிருந்தார்கள். அதற்குப் பேர் கன்னியம்மா பூட்டு. அந்த ஆர்டரில் ஒரு ஜோடிகூடக் குறை என்று திரும்பி வரவில்லை. அதற்காக யாரும் எனக்கு மாலை போடவும் இல்லை.

எனக்கு வேறு ஒரு ஆத்திரம் இருந்தது. தையல் லைனில் இருக்கிறவள் தைத்த ஷூ உள்பக்கத்தில் அவள் நம்பரைக் குத்துவார்கள். பேர் இல்லை, நம்பராவது எங்கேயோ ஒரு ஊரில் ஒருத்தி காலோடு நடக்கும். நான் போட்ட சுற்று? அதை விட்டுவிட்டுத்தானே வெட்டுகிறான்! சுற்று போட்ட துண்டெல்லாம் சாயங்காலம் கழிவு மூட்டைக்குள் போகும். நான் வாழ்நாளெல்லாம் கையால் போட்டதில் ஒன்றுகூட வாசல் தாண்டிப் போகவில்லை.

அப்படித்தான் படம் ஆரம்பித்தது. சாப்பாட்டு நேரத்தில் கழிவுத் துண்டு ஒன்றை எடுத்து, உண்ணிப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டமாக, ஒரே பக்கமாக நடக்கிற வாத்து மாதிரி இருந்தது. வெள்ளிப் பேனாவால் மூக்கும் காலும் போட்டேன், வாத்து ஆகிவிட்டது. பின்னால் ரஹீம் பாய் நின்றிருந்தார். துண்டை வாங்கினார். பழக்கதோஷம், விரல் மேல் மடித்து ஜன்னலில் பிடித்தார்.

"கால்ல போட்டா தெரியுமா பாய்?" என்றேன் கிண்டலாக.

"இது கால்ல போடுற சாமான் இல்ல" என்றார். என்னிடம் திருப்பித் தரவில்லை. தன் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் வரைந்தேன். ஏழுமலை ஷாப்பில் ஸ்பிரே முடிந்து மிஞ்சுகிற கலரை டப்பாவில் கொண்டு வருவார். தோலுக்கென்றே செய்த கலர், காய்ந்தால் வெடிக்காது. குறையை மறைத்து நான் வரைந்ததே இல்லை. கீறல் இருக்கிறதா, அது பாலாறு. வட்டச் சூடு இருக்கிறதா, அது தண்ணீர் டேங்க். ஏழுமலை, "கீறல் இல்லாத துண்டா எடுத்துட்டு வரேன்டி" என்றால், "அதுல நான் எதைப் பாத்து வரையறது?" என்பேன்.

ரஹீம் பாய் நான் வேலையில் இருந்தபோதே காலமாகிவிட்டார். நான் ஓய்வு பெற்ற நாளில் பிரபாகர்தான் ஜெனரல் மேனேஜர். சுவர்க் கடிகாரம் ஒன்றை நீட்டினார்.

"கடிகாரம் வேணாம் சார். அந்தத் தோலைக் குடுங்க" என்றேன். காலையில் நானே பார்த்து ஒதுக்கின தோல் அது. சாயம் ஏறாத வெளிர் நிற எருமைத் தோல், ஒரு ஷூகூட வெட்ட முடியாத அளவுக்குத் தழும்பு.

பிரபாகர் சிரித்தார். "டேமேஜ் அம்மாவுக்கு டேமேஜ் தோல். பொருத்தம்தான். எடுத்துட்டுப் போ." ஹால் முழுக்கக் கேட்டது.

அந்தத் தோலில் ஒரு பெரிய படம் போட்டேன். பல மாதம் ஆனது. தோளிலிருந்து வயிறு வரைக்கும் ஓடின முள்வேலிக் கீறலைப் பாலாறாக்கினேன். நுகத்தடிக் காய்ப்பு மலையானது. நரம்பு போன தடமெல்லாம் ஊருக்குள் போகிற தெரு. சூட்டு வட்டம் கம்பெனி கேட்டுக்குள் இருக்கிற டேங்க். உண்ணிப் புள்ளி ஆயிரக்கணக்கில் இருந்தது. அவை எல்லாம் பெண்கள். குடியாத்தம் பக்கத்திலிருந்தும் ஆலங்காயம் பக்கத்திலிருந்தும் காலை ஷிப்டுக்கு வருகிற பெண்கள், மேலே இருந்து பார்த்தால் தெரிகிற தலைகள். சில தலையில் பூ, சில தலையில் முக்காடு. எல்லாம் கேட்டை நோக்கிப் போகிறது. என் பக்கத்து மேஜை ஷாகிராவின் தலையையும் வைத்தேன். எது என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

இனி நூலகம். ஓய்வுக்குப் பிறகு தினமும் பேப்பர் படிக்கப் போவேன். பேப்பரை ஆளுக்கு நாலு தாளாகப் பிரித்து வைத்துக்கொண்டு விடாத பெரியவர்களோடு முதல் வாரமே சண்டை போட்டு எனக்கென்று ஒரு இடம் பிடித்தேன். நூலகர் வசந்தி மேடம் நல்ல மாதிரி, கொஞ்சம் பயந்த சுபாவம். புது ஹால் கட்டி முடித்ததும், "இந்தச் சுவத்துல இன்னா மாட்டலாம்?" என்று எல்லாரையும் கேட்டார். பெரியவர்கள் ஆளுக்கொரு தலைவர் படத்தைச் சொல்லி அடித்துக்கொண்டார்கள். "என்கிட்ட ஒண்ணு இருக்குது" என்றேன்.

நானும் ஏழுமலையும் தோலைச் சுருட்டி மொபெட்டில் வைத்துக்கொண்டு வந்தோம். சுவரில் பிடித்ததும் சண்டை போட்ட பெரியவர்கள் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். "இது நம்ம பைபாஸ் ஆச்சே." "என் வீடு இங்கதான வரும்?" மேடம் கிட்டே வந்து பார்த்தார். "கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். "நல்ல கலர் கலந்து எடுத்துட்டு வந்து போடுறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அதற்குள் கம்பெனி புது ஹாலுக்கு நாற்காலி கொடுத்தது. பார்வையிட வந்த பிரபாகர் சுவரைப் பார்த்து, "இது நம்ம லெதர் ஆச்சே!" என்றாராம். நான் கலர் எடுத்துக்கொண்டு போன அன்றைக்குப் படத்துக்குக் கீழே ஒரு கறுப்பு போர்டைத் திருகு போட்டு மாட்டியிருந்தார்கள். தங்க எழுத்தில் கம்பெனி பேர். அதற்குக் கீழே: "ஓவியம்: எங்கள் வடிவமைப்புக் குழு."

மேடம் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நாற்காலி எல்லாம் அவங்க குடுத்ததும்மா. ஞாயித்துக்கிழமை விழா வேற வெச்சுட்டாங்க. கீழ சின்னதா 'உதவி: கன்னியம்மா'ன்னு போடச் சொல்லிக் கேக்கட்டுமா?"

"யாருக்கு நான் உதவி?" என்றேன். மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் மேல் கத்தி என்ன பிரயோஜனம்?

கம்பெனி கேட்டுக்குப் போனேன். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. பிரபாகர் கார் வெளியே வந்தபோது குறுக்கே நின்றேன். கண்ணாடியை இறக்கினார்.

"தோல் யாருது கன்னியம்மா? கம்பெனியுது. கலர் யாருது? ஷாப்பு கலர். உன்னுது இன்னா?"

"கை சார்."

"கைக்குத்தான் இத்தினி வருஷம் சம்பளம் குடுத்தோமே."

கண்ணாடி ஏறிவிட்டது.

வீட்டில் ஏழுமலை, "பேஜார் புடிச்ச வேலைடி இது. வா, போய்க் கழட்டி எடுத்துட்டு வந்துடலாம்" என்றார். எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. கழற்றிக்கொண்டு வந்தால் படம் வீட்டில் சுருண்டு கிடக்கும். மறுபடியும் ஒன்றும் வாசல் தாண்டாது. "நான் ஏன் கழட்டணும்? கழட்ட வேண்டியது அவன் போர்டை" என்றேன். ஷாகிரா இன்னும் வேலையில் இருந்தாள். அவளிடம் ஒரே ஒரு பொருள் கேட்டேன்.

விழா அன்றைக்குக் கூட்டம் காட்டுவதற்காகக் கம்பெனி பஸ்ஸில் பெண்களையும் கட்டிங் ஆண்களையும் கொண்டு வந்து இறக்கினார்கள். அதுதான் பிரபாகர் செய்த மடத்தனம். தையல், கட்டிங், பேக்கிங், எல்லா செக்‌ஷனும். ஹால் நிரம்பி வராந்தாவிலும் நின்றார்கள். நான் கடைசி வரிசையில் ஷாகிராவோடு. அவள் புடவைத் தலைப்புக்கு அடியில் கையை விட்டு வெள்ளிப் பேனாவை என் கையில் வைத்தாள். "மூடியைக் கழட்டி ஆட்டிக்கோ. காஞ்சு கிடந்துது" என்றாள்.

பிரபாகர் மைக்கில் பேசினார். "நம்ம மண்ணு, நம்ம தொழில், நம்ம டிசைன் டீமோட கற்பனை" என்று சொன்னபோது எழுந்தேன். நடுவில் நடந்தேன். யாரும் தடுக்கவில்லை, பாதிப் பேருக்கு என்னைத் தெரியும், அக்கா யாருக்கோ மாலை போடப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். சுவரிடம் போய், அந்தக் கறுப்பு போர்டைச் சுற்றி வெள்ளிப் பேனாவால் ஒரு சுற்று போட்டேன். உள்ளே, தங்க எழுத்து மேல், ஒரு பெருக்கல் குறி.

பின்னாலிருந்து ஒருத்தி, "ஏய், டேமேஜ்டி!" என்றாள். ஹால் வெடித்துவிட்டது. கை தட்டுகிறார்கள், விசில் அடிக்கிறார்கள். நூலகத்துக்குள் விசில்.

பிரபாகர் மைக்கை விட்டுவிட்டு, "துடை அதை!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினார். டிரைவர் கைக்குட்டையோடு வந்தான். முதல் வரிசைப் பெண்கள் எழுந்து அவனுக்கும் போர்டுக்கும் நடுவில் நின்றுவிட்டார்கள்.

"மார்க் போட்டா போட்டதுதான் சார்" என்றாள் ஒருத்தி.

ஷாகிரா கடைசி வரிசையிலிருந்து, அப்படியே ரஹீம் பாய் குரலில், மெதுவாக, தாடியைத் தடவுகிற மாதிரி கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "முதலாளியே வந்தாலும் துடைக்கக் கூடாது."

சிரிப்பு அடங்க நேரமானது. அப்போதுதான் வசந்தி மேடம் முன்னால் வந்தார். பெண்களைப் பார்த்து, "இந்தக் குறிக்கு என்ன அர்த்தம்?" என்றார்.

"இது ஆவாது மேடம்! இதை வெச்சு அனுப்பினா சரக்கு திரும்பி வரும்!" நாலா பக்கமிருந்தும் பதில் வந்தது.

மேடம் பிரபாகர் பக்கம் திரும்பினார். "சார், உங்க டீம்ல வரைஞ்சது யாரு? பேரைச் சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

"அது டீம் ஒர்க் மேடம்."

"டீம்ல இருந்து யாராவது வந்திருக்காங்களா?"

மேடைக்குப் பக்கத்தில் கழுத்தில் கம்பெனி அட்டை மாட்டின ஒரு பெண் நின்றிருந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பிரபாகரைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். "நான் டிசைன்தான் மேடம். ஆனா இந்தப் படத்தை இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றாள். இன்று வரை அந்தப் பெண் மேல் எனக்கு மரியாதை உண்டு.

"தோல் எங்களது!" என்றார் பிரபாகர்.

"நீங்கதான சார் 'டேமேஜ் அம்மாவுக்கு டேமேஜ் தோல், எடுத்துட்டுப் போ'ன்னீங்க? நாங்க எல்லாம் அங்கதான நின்னோம்!" என்று கட்டிங் ஆள் ஒருத்தன் கத்தினான். என்னிடம் அப்பளம் பற்றிச் சொன்ன அதே ஆள்.

மேடம் மேஜை டிராயரைத் திறந்து ஸ்க்ரூ டிரைவர் எடுத்தார். அவரே திருகைக் கழற்றினார். ஒவ்வொரு திருகுக்கும் ஒரு கைதட்டல். போர்டைப் பிரபாகர் கையில் கொடுத்தார். பேப்பர் பிரித்து வைத்துக்கொள்ளும் பெரியவர் ஒருத்தர் எழுந்து, "நாற்காலியும் வேணும்னா எடுத்துட்டுப் போங்க சார். நாங்க பாய் விரிச்சுப் படிச்சுக்கிறோம்" என்றார். அந்த வாரத்திலிருந்து அவருக்கு முழுப் பேப்பரையும் நானே கொடுத்துவிடுகிறேன். நாற்காலியை யாரும் எடுத்துப் போகவில்லை.

"இப்பவே கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார் மேடம். யாரோ வெள்ளிப் பேனாவையே காட்டினார்கள். வெள்ளி மையை நாளைக்கு ஒரு ரப்பர் தேய்த்துவிடும். கலரில் எழுதினால் பெயிண்ட் கரைக்கிற தின்னர் அழித்துவிடும். மேடம் மேஜையில், வருகிறவர்கள் எழுதுவதற்காக நூல் கட்டி வைத்திருந்த பால்பாயிண்ட் பேனா கிடந்தது. நூலோடு இழுத்தேன், அறுந்தது.

அதை எடுத்துக்கொண்டு தோலிடம் போனதும் ஹால் முழுக்க "ஐயோ!" என்றது. உண்மையான பயம். அத்தனை பேரும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கேட்ட சட்டம். "அக்கா, பால்பென் அக்கா! போவவே போவாது!" என்று ஒரு பெண் அழுகிற குரலில் கத்தினாள்.

"தெரியும்டி" என்றேன்.

எழுதினேன். அழுத்தி எழுதினேன். கன்னியம்மா. பால்பாயிண்ட் தோலில் எழுதும்போது ஒரு மாதிரி வழுக்கும், பிறகு பிடித்துக்கொள்ளும். கடைசி எழுத்தில் நூல் முனை என் மணிக்கட்டில் ஆடிக்கொண்டிருந்தது. கீழே வாத்து ஒன்று போட்டேன். அது எதற்கு என்று ஷாகிராவுக்குத் தெரியும், அவள்தான் முதலில் அழுதாள்.

அந்தக் கேமராப் பெண் கேட்டாளே, மை ஏன் இறங்கி அசிங்கமாக இருக்கிறது என்று. விழா முடிந்த சில நாளில் யாரோ ஸ்பிரிட் போட்டுத் துடைத்துப் பார்த்திருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன், அவன் சம்பளத்துக்கு வேலை செய்கிறவன். மை போகவில்லை. உள்ளே இறங்கி அகலமாகிவிட்டது. முன்னால் கிட்டே போனால்தான் என் பேர் தெரியும். இப்போது வாசலில் நின்றே படிக்கலாம்.

மார்க் கரெக்ட், ரஹீம் பாய். இந்தத் தடவை பேனாவும் கரெக்ட்.